பதிலி ஆடிய ஆட்டங்கள்

“அம்மிணி ஜெயிச்சுட்டா!”

தெய்வசிகாமணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. டி.வி. முன்னால் நின்றபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் சோபாவில், இடது காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, அவருடைய மகள் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள்.

“யாருங்ப்பா ஜெயிச்சது?”

“நம்ம அம்மிணிதான். ஆறு நாலு, ஆறு மூணு. அந்த ஸ்பெயின்காரிய நிக்க உடலியே!”

“நான் இங்கதானே உக்காந்திருக்கறனுங்ப்பா.”

தெய்வசிகாமணி திரும்பிப் பார்த்தார். தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாக இறக்கினார். “நீயும்தான் சாமி. அதும் நீதானே” என்று சிரித்துவிட்டு, பாதிச் சிரிப்பிலேயே மறுபடி திரைப் பக்கம் போய்விட்டார். திரையில் இன்னொரு சிந்துஜா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேர்க்கவே வேர்க்காத முகம். துடைப்பதெல்லாம் பார்க்கிறவர்களுக்காக.

ஏழு மாதங்களுக்கு முன் தாஷ்கண்டில், யாரும் கவனிக்காத ஒரு போட்டியின் முதல் சுற்றில், பந்துக்காகப் பின்னால் ஓடியபோது யாரோ குதிகாலில் கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகாலின் தசைநாண் அறுந்துவிட்டது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டோடு வீட்டுக்கு வந்த வாரமே உலக டென்னிஸ் சம்மேளனத்தின் சார்பில் ரிஸ்வானா என்ற பொறியாளர் சென்னையிலிருந்து வந்தாள். சிந்துஜா வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசுகிற பெண்.

“அடிபட்டவங்க வீட்ல உக்காந்திருக்கும்போது தரவரிசை மட்டும் கீழ போயிட்டே இருக்கு. அது அநியாயம்னு நீங்க எல்லாரும்தான் பல வருஷமா சொல்லிட்டு இருந்தீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிலித் திட்டம்” என்றாள் அவள்.

“பதிலின்னா?”

“உங்க மட்டையிலயும் ஷூவிலயும் நாங்க வெச்ச சென்சார்கள் இத்தனை வருஷமா உங்க ஒவ்வொரு அடியையும் பதிவு பண்ணியிருக்கு. எந்தப் பந்துக்கு எங்க நிப்பீங்க, தோக்குற மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்க, எல்லாம். அதை வெச்சு உங்களை மாதிரியே ஆடுற ஒண்ணைக் கணினிக்குள்ள செய்வோம். விடுப்புல இருக்கறவங்களோட பதிலிகள் தங்களுக்குள்ள ஆடும். அந்த முடிவுகள் உங்க பதிவுல சேரும். நீங்க திரும்பி வர்றேன்னு அறிவிச்ச நிமிஷம் பதிலி நின்னுடும். அது சம்பாதிச்ச இடத்துலருந்து நீங்க ஆரம்பிக்கலாம்.”

சிந்துஜா அப்போது நூற்று நாற்பத்தாறாவது இடத்தில் இருந்தாள். பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றி, வாடகை அறைகளில் தானே துணி துவைத்துக் காயப்போட்டுப் பிடித்த இடம் அது. அதை இழக்க மனம் வரவில்லை. சம்மதித்தாள்.

அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வந்த பதிலி, இரண்டே மாதத்தில் நூறுக்குள் போனது. அப்புறம் எழுபது. அப்புறம் ஐம்பத்திரண்டு. சிந்துஜா தன் வாழ்நாளில் பெரிய போட்டி எதிலும் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. பதிலி காலிறுதி ஆடியது. விடுப்பில் இருந்த பெரிய பெரிய ஆட்டக்காரிகளின் பதிலிகளை எல்லாம் நேர் செட்டில் தோற்கடித்தது. முதலில் அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ரிஸ்வானாவைப் போனில் பிடித்தாள்.

“என்னைவிட நல்லா ஆடற மாதிரி செஞ்சுட்டீங்களா?”

“சத்தியமா இல்ல சிந்துஜா. அதுகிட்ட இருக்கறது எல்லாம் உங்ககிட்ட இருந்ததுதான். அதுக்கு முழங்கால் வலிக்காது. விசா கிடைக்கலைன்னு விமான நிலையத்துல தூங்காது. போன வாரம் தோத்தது இந்த வாரம் ஞாபகத்துக்கு வராது. அவ்வளவுதான் வித்தியாசம். உங்களோட ஒரு நல்ல நாள்ல நீங்க ஆடுற ஆட்டத்தை அது எல்லா நாளும் ஆடுது.”

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். வேறு யாரோ என்றால் சபித்துவிட்டுப் போகலாம். இவளை எப்படிச் சபிப்பது? அந்த பேக்ஹேண்ட் அவளுடையது. பன்னிரண்டு வயதில், உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசியக் கசியக் கற்றுக்கொண்ட இரண்டு கை பேக்ஹேண்ட். கோட்டை உரசிக்கொண்டு போகும் அந்தப் பந்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவள் தோள் தன்னையறியாமல் திரும்பும். பந்து விழும் இடம் அவளுக்கு முன்பே தெரியும். கைத்தட்டல் மட்டும் அவளுக்கு இல்லை.

ஊரே அந்தப் பதிலியைக் கொண்டாடியது. தெய்வசிகாமணி தண்ணீர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். இப்போது அதை வாடகைக்கு விட்டுவிட்டார். அம்மா, அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மெல்போர்ன் போய்விட்டதால் வீட்டில் அப்பாவும் மகளும்தான். மகள் எந்த நாட்டில் ஆடினாலும் முடிவை இவரிடம்தான் ஊர் கேட்கும். இப்போது வாரத்துக்கு வாரம் சொல்லிக்கொள்ள வெற்றி இருந்தது. பதிலி ஆடும் நாளில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு டி.வி. முன் உட்காருவார். மடியில் ஒரு தட்டு முறுக்கு. ஒரு பாயிண்ட் விடமாட்டார். “அடி அம்மிணி, அப்படிப் போடு!” என்று அவர் சொல்லும்போது, உள்ளறையில் காலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் சிந்துஜாவுக்கு எண்ணிக்கை தப்பிப்போகும். ரப்பர் பட்டையைக் காலால் இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அவள் முதல்முறையாக ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரைக்கும் நடந்த நாளில் அவரைக் கூப்பிட்டாள். “அப்பா, இங்க பாருங்க.”

“இரு கண்ணு, டை-பிரேக் போகுது” என்றார் அவர்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு இருவரும் பொள்ளாச்சி போனார்கள். மண்டப வாசலிலேயே ஒரு பெரியம்மா சிந்துஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “ஏஞ்சாமி, உலகத்துலயே முப்பத்தெட்டாவது எடமாமா! பேப்பர்ல போட்டிருந்துது. நேத்துகூட ஜெயிச்சியாமா?”

“நேத்து நான் வீட்ல ரசம் வெச்சுட்டு இருந்தனுங்க பெரியம்மா. ஜெயிச்சது நான் இல்ல.”

பெரியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தெய்வசிகாமணி நடுவில் புகுந்தார். “வெளையாட்டுக்குச் சொல்றாளுங்க. அதும் இவதானுங்க. இவளை வெச்சுத்தான் பண்ணியிருக்குது.”

காரில் திரும்பும்போது சிந்துஜா கேட்டாள். “அது இல்லாட்டி என்னைப் பத்திச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?”

“என்ன பேச்சு பேசற அம்மிணி?”

“கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிணத்துக்கடவு தாண்டும் வரை கண்ணாடிக்கு வெளியே தென்னந்தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவள் பதிலியின் ஆட்டங்களை ஒளிந்து பார்க்கத் தொடங்கினாள். போனைக் குறைந்த ஒலியில் வைத்து, போர்வைக்குள். பிடிக்காத ஒருத்தியின் கல்யாணப் போட்டோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போலத்தான். எங்காவது தவறு செய்யமாட்டாளா என்று காத்திருந்தாள். பதிலி இரட்டைத் தவறு சர்வ் போட்டால் உள்ளூர ஒரு குளிர்ச்சி. அடுத்த பாயிண்டே எடுத்துவிட்டால் அந்தக் குளிர்ச்சி எரிச்சலாகிவிடும். ரசிகர் குழு ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள், பாதிப் பேர் அவள் ஆடி நேரில் பார்த்தே இராதவர்கள். அதில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘நிஜ சிந்துஜா சீக்கிரம் வந்துவிடப் போகிறாளே என்று பயமாக இருக்கிறது.’ அதற்கு நிறைய பேர் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களின் பெயர்களில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. தேடிப் பார்க்கும் அளவுக்குத் தான் வந்துவிட்டதை நினைத்து வெட்கப்பட்டாள்.

கால் ஏறக்குறைய தேறிவிட்டது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் முழுதாகச் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அன்று சாப்பிடும்போது தெய்வசிகாமணி மெதுவாக ஆரம்பித்தார்.

“அவசரம் ஒண்ணுமில்லையே அம்மிணி?”

“எதுக்குங்ப்பா?”

“இல்ல, நீ திரும்பி வர்றேன்னு சொன்னா அது நின்னுரும்ல. வருசக் கடைசிப் போட்டிக்கு அதுக்கு எடம் கெடைச்சிருக்குது. எட்டுப் பதிலிகதான் ஆடுமாமா. அது முடியட்டுமே. நீயும் நல்லா ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்.”

சிந்துஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தான் இன்னும் கொஞ்ச நாள் நொண்டியாக இருந்தால் நல்லது என்று பெற்ற தகப்பன் கேட்கிறார். அதுவும் இன்னொருத்திக்காக. “சரிங்ப்பா” என்று மட்டும் சொன்னாள்.

பதிலி அந்தப் போட்டியில் அரையிறுதி வரை போனது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தெய்வசிகாமணி தெருக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் இருந்த நாற்காலிகள் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருந்தார். பஜ்ஜி வாசனை. எதிரே, பிரசவ விடுப்பில் இருக்கும் முன்னாள் முதல் நிலை செக் நாட்டு ஆட்டக்காரியின் பதிலி. முதல் செட்டை சிந்துஜாவின் பதிலி எடுத்தது. இரண்டாவதில் ஐந்துக்கு மூன்று முன்னிலை. கூடத்தில் பஜ்ஜித் தட்டை யாரும் தொடவில்லை.

உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சிந்துஜாவுக்கு ஒவ்வொரு பந்தின் சத்தமும் கேட்டது. அந்த பேக்ஹேண்டின் சத்தம் தனியாகத் தெரியும். அதைத் தொடர்ந்து அப்பாவின் குரல்: “என்ற தங்கமே!”

பத்து வருடத்தில் அந்தக் குரல் அவளுக்காக அப்படி எழும்பியதாக நினைவில்லை.

போனை எடுத்தாள். சம்மேளனத்தின் பக்கத்தில் ‘ஆடத் தகுதியாக உள்ளேன்’ என்ற பொத்தான் இருந்தது. உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்று அழுத்தினாள்.

கூடத்தில் பந்துச் சத்தம் பாதியில் நின்றது. அவள் எழுந்து கதவோரம் போய்ப் பார்த்தாள். திரையில் பதிலி சர்வ் போடப் பந்தை மேலே தூக்கிய நிலையில் உறைந்திருந்தது. முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அதன் மேல் எழுத்துகள் வந்தன: ‘சிந்துஜா தெய்வசிகாமணி களத்துக்குத் திரும்புகிறார். பதிலியின் ஆட்டம் இத்துடன் நிறைவு.’ தெருக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தெய்வசிகாமணி மட்டும் திரும்பி, கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார்.

அவர் திட்டவில்லை. எல்லோரும் போனபின் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மீந்த பஜ்ஜியைப் பாத்திரத்தில் மூடி வைத்தார். “ஒரு கேம்தான் மிச்சமிருந்துது” என்றார், யாரிடமும் இல்லாமல். அதன் பிறகு பல நாட்கள் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு இல்லை. அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதை விட்டுவிட்டார். துக்க வீடு போலத்தான் இருந்தது. தான் செய்தது கொலை இல்லை என்று சிந்துஜாவுக்குத் தெரியும். ஆனால் சந்தோஷமாக இருந்த ஒரு மனிதரின் சந்தோஷத்தைக் கையால் திருகி அணைத்தோம் என்பதும் தெரியும். அதைவிட மோசம், அந்த நொடியில் அது அவளுக்கு இனித்திருந்தது.

*

உலகத்தில் இருபத்தொன்பதாவது ஆட்டக்காரியாக சிந்துஜா களத்துக்குத் திரும்பினாள். பெரிய பெயர் பலகைகள், பெரிய அரங்குகள், தனி அறைகள். எல்லாம் பதிலி சம்பாதித்துக் கொடுத்தவை. எல்லா இடத்திலும் முதல் சுற்றிலேயே தோற்றாள். கால் இன்னும் பழைய கால் ஆகவில்லை என்பது ஒரு காரணம்தான். அதைத் தாண்டி என்னவோ இருந்தது. எங்கே அடித்தாலும் எதிராளி அங்கே முன்பே வந்து நின்றாள். ஊர் மாறியது, எதிராளி மாறினாள், இது மட்டும் மாறவில்லை.

புனேயில் அவளைத் தோற்கடித்தவள் ஜெபமலர் என்ற சின்னப் பெண். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத். நூற்றைம்பதுக்கும் கீழே இருந்தவள். ஆறு ஒன்று, ஆறு இரண்டு. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் சிந்துஜா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“யக்கா, கோவமா இருக்கியளா?”

“உம்மேல எனக்கென்ன கோவம்? நல்லா ஆடினே.”

“நான் ஒண்ணும் நல்லா ஆடலக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?” அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். “ஒங்க பதிலி மேட்ச்சு எல்லாம் நெட்ல கெடக்குல்லா. எந்தப் பக்கம் பந்து வந்தா எங்க அடிப்பிய, நெருக்கடியில எங்க சர்வ் போடுவிய, எல்லாம் அதுல பளிச்சுன்னு இருக்கும். எங்க கோச் அதைப் போட்டுப் போட்டுத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாவ. எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தாம்க்கா வாறாவ. நீங்க அடிக்கதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுட்டு. பாவமா இருந்துச்சு.”

அவள் போன பிறகும் சிந்துஜா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அத்தனை வெற்றிகளையும் குவித்துக்கொண்டே அந்தப் பதிலி, அவளிடம் இருந்த ஒவ்வொன்றையும் உலகத்துக்கு எடுத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. இடத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. செத்த பிறகும் அந்தப் பதிலிச் சிந்துஜாவே இவளைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள்.

கோயம்புத்தூர் திரும்பி, அவிநாசி சாலைப் பக்கம் ஒரு கோர்ட்டை வாடகைக்கு எடுத்தாள். பகலில் வெயில் ஏறும் வரை பயிற்சி. பிறகு வீட்டில் பதிலியின் ஆட்டங்கள், இம்முறை போர்வைக்குள் இல்லாமல், பெரிய டி.வி.யில். இவ்வளவு மாதம் பொறாமையோடு பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் பதிலியின் ஒவ்வொரு அசைவும் மனப்பாடமாகியிருந்தது. நேசிக்கிறவர்கள்கூட ஒருத்தியை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பந்துக்கு அவள் பின்னால் போவாள், அப்படியானால் நான் முன்னால் போகவேண்டும். இங்கே அவள் இரண்டு கையால் ஓங்கி அடிப்பாள், நான் ஒரு கையால் வெட்டி நெட்டுக்குப் பக்கத்தில் போடவேண்டும். பிரியமான பேக்ஹேண்டை விட்டபோது மட்டும் கை கேட்கவில்லை. பந்து வந்தால் இடது கை தானாக மட்டைக்குப் போகும். அந்தக் கையை இடுப்புத் துண்டுக்குள் செருகிக் கட்டிக்கொண்டு ஆடினாள்.

ஒருநாள் தெய்வசிகாமணி டி.வி. அறைக்குள் வந்து, ஓடிக்கொண்டிருந்த பதிலியைப் பார்த்து நின்றார்.

“உக்காருங்ப்பா. நல்ல மேட்ச்.”

“வேண்டாம்” என்றார். கதவு வரை போய்த் திரும்பி, “சென்னை மேட்ச்சுக்கு நானும் வரட்டுமா?” என்று கேட்டார்.

அவர் இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. நான் தோற்பதை நேரில் பார்க்கவேண்டுமா என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “வாங்க” என்றாள்.

சென்னையில் முதல் சுற்றிலேயே மறுபடியும் ஜெபமலர். கேலரியில் பாதிக்கு மேல் காலி. முதல் வரிசையில், கசங்கிய வெள்ளைச் சட்டையில், தெய்வசிகாமணி தனியாக உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு கேமிலேயே ஜெபமலர் குழம்பிப்போனாள். பின்கோட்டில் காத்திருக்க, பந்து நெட்டருகே செத்து விழுந்தது. ஓடி வந்தால் தலைக்கு மேல் உயரத் தூக்கிவிட்ட லாப் பந்து. சிந்துஜா கீழ்க்கையால் ஒரு சர்வ் போட்டபோது யாரோ சிரித்தார்கள். அந்தப் பாயிண்டும் அவளுக்கே வந்தது. அழகான ஆட்டம் இல்லை. பாதிப் பந்துகள் மட்டையின் ஓரத்தில் பட்டுத் தப்பின. இரண்டாவது செட்டில் ஒரு திருப்பத்தில் இடது கால் மடங்கி, வலி தொடை வரை ஏறியது. நொண்டிக்கொண்டே நெட்டுக்குப் போனாள். ஏழு ஐந்து, நாலு ஆறு, ஏழு ஐந்து. கடைசிப் பந்து நெட்டின் மேல் முனையில் தட்டி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது.

“எங்கருந்துக்கா இதெல்லாம் வந்துச்சு?” என்று கைகொடுத்தபோது கேட்டாள் ஜெபமலர். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்திருந்தபோது ரிஸ்வானா வந்தாள். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். ரிஸ்வானாவின் முகம் வாழ்த்துச் சொல்ல வந்த முகமாக இல்லை.

“முடிவை நிறுத்தி வெச்சிருக்காங்க சிந்துஜா. உங்க பேர்ல இன்னும் பதிவாகல.”

“ஏன்?”

“ஒவ்வொரு ஆட்டத்தையும் உங்க பழைய பதிவோட ஒப்பிட்டுப் பாக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. ஏமாத்தறவங்களைப் பிடிக்கறதுக்கு. ஆடினது உங்க உடம்புதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்த ஆட்டம் உங்க பதிவுல எங்கயுமே இல்ல. பதிலியை ஆயிரம் தடவை ஆட விட்டாலும் இதுல ஒரு பாயிண்ட் வராது. வெளியிலருந்து யாரோ, இல்ல ஏதோ ஒரு கருவி, உங்களுக்குச் சொல்லிக் குடுத்து ஆட வெச்சிருக்குன்னு சம்மேளனத்தோட நேர்மைக் குழு சந்தேகப்படுது. இது யாரோட ஆட்டம்னு கேக்கறாங்க.”

கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சிந்துஜாவுக்கு நெஞ்சுக்குள் மெல்ல ஒன்று அவிழ்ந்தது. அந்தப் பதிலியிடம் இல்லாதது ஒன்று, ஒரே ஒன்று, இப்போது தன்னிடம் இருக்கிறது. அதற்கு அத்தாட்சியைப் பதிலியின் பதிவே கொடுத்திருக்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டாள். ரிஸ்வானா திகைத்தாள்.

“சிரிக்கற விஷயம் இல்ல. தடை போட்டாலும் போடுவாங்க. உங்களை நெருக்கமாத் தெரிஞ்சு, நேர்ல பாத்தவங்க யாராவது சாட்சி சொல்லலாம்.” அவள் தெய்வசிகாமணி பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க சார். இவங்க ஆட்டத்தை உங்களைவிட அதிகமா யாரும் பின்தொடர்ந்ததில்ல. இன்னிக்கு முதல் வரிசையில உக்காந்து பாத்தீங்க. இது உங்க பொண்ணோட ஆட்டம்தானா?”

தெய்வசிகாமணி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“நான் ஆட்டத்தைப் பாக்கலீங்களே.”

“அங்கயேதானே இருந்தீங்க?”

“இருந்தனுங்க. ஆரம்பத்துல ரெண்டு கேம் பாத்தேன். அப்பறம் முடியல. குனிஞ்சு செருப்பையே பாத்துட்டு இருந்தேன். கால் மடங்குனப்ப கூட்டம் சத்தம் போட்டுதுங்களே, அப்பக்கூட நான் நிமுரலீங்க.” சொல்லச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. மகளைப் பார்க்காமல் ரிஸ்வானாவிடமே சொன்னார். “எப்பவும் அப்படித்தானுங்க. இவ எந்தத் தேசத்துல ஆடுனாலும் போனைக் கவுத்து வெச்சுட்டுப் பட்டறைக்குப் போயிருவேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சதுக்கப்பறம்தான் எடுத்து ஸ்கோர் பாப்பேன். அவ அடிபட்ட அன்னிக்கும் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.”

“ஆனா பதிலி ஆட்டம் ஒண்ணு விடாம பாத்தீங்கன்னு ஊரே சொல்லுதே?”

“பாத்தேன். நல்லா முறுக்குத் தின்னுட்டுப் பாத்தேன். என்ற புள்ள மாதிரியே இருக்குது, என்ற புள்ள மாதிரியே அடிக்குது, உழுந்தா மட்டும் வலிக்காது. பத்து வருசத்துல அப்பத்தானுங்க இவ எப்படி ஆடுவான்னே நான் பாத்தேன்.” அவர் எழுந்து நின்றார். “நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதானுங்க. இன்னிக்கு என்னால பாக்க முடியல. அதனால ஆடுனது என்ற பொண்ணுதான். எழுதிக்குங்க.”

ரிஸ்வானா கையில் இருந்த சாதனத்தைப் பார்த்தாள். அதில் இந்தப் பதிலை எங்கே எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிந்துஜா காலைக் கீழே இறக்கினாள். கணுக்காலில் ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உறைந்து நின்ற திரைக்கு முன்னால் திரும்பிப் பார்த்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு வாய்த்திருந்த ஒரே நிம்மதியை நிறுத்திவிட்டு, அதையே இன்னொருத்தி மேல் வைத்த அன்பு என்று இத்தனை நாள் எண்ணியிருக்கிறாள்.

“முடிவு சரின்னு சொல்லிட்டாங்கன்னா நாளைக்கு மறுபடி ஆட்டம் இருக்குதாம்மா?” என்று தெய்வசிகாமணி ரிஸ்வானாவைக் கேட்டார்.

“ஆமா சார். ரெண்டாவது சுற்று.”

அவர் மகளின் தோளில் கை வைத்தார். 

“நான் வெளியில மரத்தடியில நிக்கறேன் அம்மிணி” என்றார். “முடிஞ்சதும் வந்து சொல்லு.”